பிரிட்ஜில வச்ச தாய்ப்பால் சவர்க்காரம் மாதிரி மணக்குது, பழுதாப் போச்சா?

மண்டூர்ப் புள்ள:
எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு அஞ்சு மாசம். லீவு முடிஞ்சு வேலைக்குப் போகத் தொடங்கிட்டன். மட்டக்களப்பு டவுனில ஒரு பிரைவேட் கம்பனி. விடிய பாதையில (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறி குருமண்வெளி, மறுகா களுவாஞ்சிக்குடிக்கு வந்து பஸ். திரும்ப வீட்ட வர பின்னேரம் ஆறு மணியாகும்.

வேலை இடத்தில பத்தரைக்கும் ரெண்டு மணிக்கும் ஸ்டோர் ரூமுக்குள்ள இருந்து பம்ப் பண்ணுறன். பிரிட்ஜ் இல்ல. சாப்பாடு கொண்டு போற கூலர் பேக்கில ஒரு ஐஸ் பேக்கோட வச்சுத்தான் கொண்டு வாறன். வந்த உடன பிரிட்ஜில வைப்பன். அடுத்த நாள் மாமி எடுத்தா சவர்க்கார மணம். மேல மஞ்சளா ஆடை மாதிரி வேற பிரிஞ்சு நிக்குது. "திரைஞ்ச பால், புள்ளைக்கு வயித்தால போகும்" எண்டு எல்லாத்தையும் வெளியில ஊத்திட்டா. பார்க்க வயிறு எரிஞ்சிது. ஆனா கச்சான் காத்து அடிக்கிற இந்த நாளையில பஸ்ஸுக்குள்ள இருக்கிற வெக்கைக்கு, மாமி சொல்றதும் சரியா இருக்குமோ எண்டும் யோசனை. பம்பும் முந்தி மாதிரி இழுக்குதில்ல. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

கல்முனை ராத்தா:
ஆடை பிரியிறதுக்குப் பயப்பிடாதீங்க தங்கச்சி. கடைப் பாலை மெசினில அடிச்சு கொழுப்பைக் கலந்து விடுறாங்க. உம்மாட பாலை யாரு அடிக்கிற? போத்தலைப் பிடிச்சு மெதுவாச் சுழட்டினா கலந்து போகும். கலக்காமக் கட்டி கட்டியா நிண்டாலோ, புளிச்ச மணம் வந்தாலோதான் ஊத்தோணும். சவர்க்கார மணம் வேற கதை. என்ட ரெண்டாவது மகனுக்கும் அப்படித்தான் இருந்திச்சு. அவன் அதெல்லாம் பார்க்காமக் குடிச்சிட்டுப் படுத்திருவான்.

வெள்ளை யூனிபோம்:
ராத்தா சொன்னது சரி. தாய்ப்பாலில லைபேஸ் எண்டு ஒரு நொதியம் இருக்குது, கொழுப்பை உடைக்கிறது அதிட வேலை. பிரிட்ஜ் குளிரிலயும் அது நிக்காது, மெதுவா நடந்து கொண்டே இருக்கும். நேரம் போகப் போக சவர்க்கார மணம் வாறதுக்கு வழமையா அதுதான் காரணம். சில தாய்மாருக்கு நாள் கணக்கில, சில பேருக்கு மணித்தியாலக் கணக்கில. புள்ளைக்குக் கெடுதல் இல்ல.

ஆனா உங்கட பாலுக்கு அதுதானா, இல்லாட்டி வெக்கையில கெட்டதா எண்டு இங்க இருந்து சொல்ல ஏலாது. லீவு நாளில ஒரு வேலை செய்யுங்க. கையை நல்லாக் கழுவி, பம்ப் இல்லாம கையால கொஞ்சம் பீச்சி, அவிச்ச சின்னப் போத்தலில மூடி, அப்படியே பிரிட்ஜில உள்பக்கமா வைங்க. கதவில வைக்காதீங்க, திறந்து மூட மூட சூடேறும். ராவைக்கும் விடியவும் மணந்து பாருங்க. பஸ்ஸில போகாத பாலும் மணத்தா பஸ்ஸில பிழை இல்ல.

இன்னொண்டு. 'அறை வெப்பத்தில 4 மணித்தியாலம்' எண்டு நெட்டில பார்க்கிற அட்டவணை 25 பாகைக்குக் கணக்குப் போட்டது. நம்மட ஊரில இந்த மாசங்களில பகல் 25 எங்க இருக்குது? உங்கட ஸ்டோர் ரூமுக்கு அந்த நாலு மணித்தியாலம் இல்லை எண்டே வச்சுக் கொள்ளுங்க. எடுத்த கையோட குளிருக்குள்ள போகோணும்.

அக்கரைப்பற்று பிரிட்ஜ் பாஸ்:
பொம்புளையாக்கள் கதைக்கிற இடத்தில நுழையிறன், குறை நினைக்காதீங்க. ஐஸைப் பற்றி மட்டும் சொல்லிட்டுப் போறன்.

தங்கச்சி, வீட்ட போய்ச் சேரக்குள்ள அந்த ஐஸ் பேக்கில கட்டி மிச்சம் இருக்குதா? அதைத்தான் முதல்ல பார்க்கோணும். ஐஸ் கரைஞ்சு முடியுற வரைக்கும் அது 0 பாகையை விட்டு ஏறாது. முழுக்கத் தண்ணியாப் போனா, பிறகு பேக் பேருக்குத்தான் கூலர்.

500 மில்லி தண்ணிப் போத்தல் ரெண்டை முக்கால்வாசி நிரப்பி ராவைக்கு உறைய வைங்க. முழுக்க நிரப்பினா வெடிக்கும். பால் போத்தலை ரெண்டுக்கும் நடுவில ஒட்டி வைங்க, இடைவெளியில துவாய்த் துண்டு ஒண்டு. பேக் மெல்லிசு எண்டா சின்ன ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி இன்னும் திறம். சாப்பாட்டை அதுக்குள்ள வைக்காதீங்க, சூட்டுச் சோறே அரைவாசி ஐஸைத் திண்டுரும். மீன் கடை ஐஸ் வாங்கிப் போடுற ஆக்களையும் கண்டிருக்கன், அந்த ஊத்தைத் தண்ணி மூடிக்குள்ளால போனா என்ன செய்யிற?

வெள்ளை யூனிபோம்:
பாஸ் சொன்ன மாதிரி உறைஞ்ச ஐஸோட ஒட்டி இருந்தா கூலருக்குள்ள 24 மணித்தியாலம் வரைக்கும் வைக்கலாம். ரெண்டு மணிக்கு எடுத்த இளஞ்சூட்டுப் பாலை பத்தரைப் பாலோட ஊத்திக் கலக்காதீங்க. ரெண்டும் குளிர்ந்த பிறகு சேர்க்கலாம், போத்தலில எழுதுற திகதி பழைய பாலிட திகதிதான்.

வாவிக்கரை:
ஸ்டோர் ரூம் எண்டதை வாசிச்சிட்டுத்தான் எழுதுறன். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில, ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குப் பால் குடுக்கிற தாய்க்கு 9 மணித்தியாலத்துக்குள்ள ரெண்டு இடைவேளை இருக்குது. பிள்ளையை வச்சுப் பார்க்க இடம் குடுத்தா 30 நிமிஷம், இல்லாட்டி ஒரு மணித்தியாலம், ரெண்டு தரமும். சாப்பாட்டு நேரத்தில கழிக்கவும் ஏலாது. உங்கட வேலை எந்தச் சட்டத்துக்குள்ள வருது எண்டு தொழில் திணைக்களத்தில கேளுங்க. கேட்கிறதுக்கு வெட்கப்படத் தேவல்ல.

மண்டூர்ப் புள்ள:
எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை வெள்ளை யூனிபோம் மிஸ் சொன்ன மாதிரி செஞ்சன். ராவைக்கு மணம் இல்ல, விடிய அதே சவர்க்காரம்! மாமியையும் கூப்பிட்டு மணக்க வச்சன். "வீட்டுப் பாலும் இப்படியா" எண்டு அவக்கே ஆச்சரியம்.

ஆனா பாஸ் அண்ணன் சொன்னதும் சரி. அந்த ஐஸ் பேக் ரெண்டு மணிக்கே முழுக்கத் தண்ணி. இப்ப ரெண்டு போத்தல் கொண்டு போறன், வீட்ட வரக்குள்ள உள்ளுக்க கட்டி கிடக்குது. மணத்துக்கு என்ன செய்யிற மிஸ்? அடுத்த நாள் பாலை மகள் ரெண்டு வாய் குடிச்சிட்டுத் துப்புறா. உடன் எடுத்த பால் எண்டா பிரச்சினை இல்ல.

வெள்ளை யூனிபோம்:
முதல்ல லேசான வழி. விடிய நீங்க வெளிக்கிட முதல் எடுக்கிற பாலைக் குளிர வச்சு, முதல் நாள் பாலோட பாதிக்குப் பாதி கலந்து குடுக்கச் சொல்லுங்க. அதுக்கே நிறையப் புள்ளைகள் சரி வந்துருவாங்க.

அதுக்கும் சரிவராட்டித்தான் சூடாக்கிறது. வீட்ட வந்த உடன, மணம் வர முதல், சின்னச் சட்டியில வச்சு ஓரத்தில சின்னக் குமிழி கிளம்பக்குள்ள இறக்கிருங்க. 80 பாகை கிட்ட. கொதிக்க விடாதீங்க. சட்டியோட ஐஸ் தண்ணியில வச்சு ஆற்றி பிரிட்ஜில வைங்க. லைபேஸ் அதோட நிக்கும். மணம் வந்த பிறகு சூடாக்கி வேலை இல்ல. சூட்டில நோய் எதிர்ப்புச் சத்தும் கொஞ்சம் போகும், அதாலதான் இதைக் கடைசியாச் சொல்றன். புள்ள குடிக்குதெண்டா மணத்தோடயே குடுக்கலாம்.

மாமிக்கும் ஒரு விஷயம். குடுக்கிற நேரம் நேரா அடுப்பில வைக்காம, இளஞ்சூட்டுத் தண்ணிக் கிண்ணத்தில போத்தலை வச்சு எடுக்கச் சொல்லுங்க. மைக்ரோவேவ் வேணவே வேணாம், ஒரு பக்கம் நெருப்பாச் சுடும். புள்ள வாய் வச்ச மிச்சத்தை 2 மணித்தியாலத்துக்குப் பிறகு வைக்கக் கூடாது. அதனால 60, 80 மில்லியாப் பிரிச்சு வச்சா ஊத்துறது குறையும். கப்பால பருக்கப் பழக்குங்க. போத்தல் சூப்பியைக் கழுவிற தலையிடி இல்ல, மார்பில குடிக்கிறதையும் மறக்காது. கிளினிக்கில உங்கட மிட்வைஃபிட்ட கேட்டா பிடிக்கிற விதத்தைக் காட்டித் தருவா.

கல்முனை ராத்தா:
பம்ப் கதையை எல்லாரும் மறந்துட்டீங்க. தங்கச்சி, புனலுக்குக் கீழ வாத்துச் சொண்டு மாதிரி ஒரு வெள்ளை ரப்பர் வால்வு இருக்கும். வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்க, சொண்டுப் பிளவு நீண்டு கிழிஞ்சிருக்கும், இல்லாட்டி வாய் ஒட்டாம நிக்கும். பிரஷ் போட்டு உரைஞ்சா அப்படித்தான் வரும். மோட்டர் பழுதெண்டு புது பம்ப் வாங்கிராதீங்க, வால்வு மட்டும் சில்லறைச் சல்லிதான்.

மண்டூர்ப் புள்ள:
அல்லாஹ்! நீங்க சொன்ன மாதிரியேதான் ராத்தா, ஒரு பக்கம் கிழிஞ்சிருக்குது. (உங்கட வாய்ப் பேச்சு எனக்கும் தொத்திட்டுது.) பாதி கலக்கிற முறையில மகள் இப்ப குடிக்கிறா. சட்டி வைக்கத் தேவைப்படல்ல.

பொத்துவில் உம்மா:
இடையில கேட்கிறன், மன்னிச்சுக் கொள்ளுங்க. என்ட தங்கச்சிட புள்ள மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில. வீட்டு பிரீசரில உறைஞ்ச பால் கிடக்குது. பஸ்ஸில கொண்டு போறதுக்கும் தண்ணிப் போத்தல் ஐஸ்தானா?

அக்கரைப்பற்று பிரிட்ஜ் பாஸ்:
உறைஞ்ச பாலுக்கு அது வேணாம் தங்கச்சி. நல்ல பிரீசரில பால் மைனஸ் 18 இல இருக்கும், கரையிற ஐஸ் 0. ஐஸே பாலை இளக்கிரும். பால் பைகளை ஒண்டோட ஒண்டு நெருக்கி, பேப்பர் சுத்தி, ரெஜிபோம் பெட்டியை இடைவெளி இல்லாம நிரப்பி டேப் ஒட்டுங்க. வழியில திறக்காதீங்க. ஒத்தைக் கதவு பிரிட்ஜுக்குள்ள இருக்கிற சின்ன பிரீசர் எண்டா அவ்வளவு குளிர் வராது, அதில ரெண்டு கிழமைக்கு மேல கிடந்த பாலை எடுக்காதீங்க.

வெள்ளை யூனிபோம்:
போக முதல் வார்டுக்குக் கோல் எடுத்து, வெளியில இருந்து வாற பாலை எடுப்பாங்களா, என்ன பாத்திரத்தில வேணும் எண்டு கேளுங்க. நோயான, மாசம் குறைஞ்ச புள்ளைக்கு அவங்கட நேரக் கணக்கு நான் மேல சொன்னதை விட இறுக்கம், அவங்க சொல்றதுதான் கணக்கு. போற வழியில உருகினா திரும்ப உறைய வைக்காதீங்க. பிரிட்ஜ் குளிரிலயே இருந்தா முழுக்க உருகின நேரத்தில இருந்து 24 மணித்தியாலம்.