கோகோ தோப்புப் பிள்ளைகளுக்கு உரிமை வகுப்பு வேணுமா?

ஆனைமலைத் தோப்புக்காரன்:
ஏனுங்க, நியாயம் சொல்லுங்க. ஆனைமலைப் பக்கம் எனக்கு ஆறு ஏக்கர் தென்னை, ஊடுபயிராகச் சாக்லெட்டுக்குப் போகிற கோகோ. போன வாரம் கொட்டை வாங்குகிற கம்பெனி சார்பில் இரண்டு பேர் வந்தார்கள். சுற்று வட்டாரப் பிள்ளைகளைச் சேர்த்துக் குழு அமைப்பார்களாம், குழந்தை உரிமைகளைச் சொல்லித் தருவார்களாம், பிள்ளைகளே கூட்டம் போட்டுக் குறைகளைப் பேசுவார்களாம். வேண்டாம் சாமி என்று அனுப்பிவிட்டேன். நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து தேங்காய் பொறுக்கினவன்தான். என் மகன் எட்டாவது படிக்கிறான், ஞாயிற்றுக்கிழமை காய் உடைக்கும்போது கூட உட்காருவான், பாதி நேரம் கொட்டை மேல் இருக்கிற வெள்ளைச் சதையைச் சப்பிக்கொண்டிருப்பான். இதுவா குழந்தைத் தொழில்? ஆப்பிரிக்காவில் கோகோ தோப்புகளில் பிள்ளைகளை வேலை வாங்குகிறார்கள் என்றால் எனக்கு எதற்குப் பாடம்?

பின்னலாடைக்காரன்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் காரணம் வேறு. நான் திருப்பூரில் பதினொரு வருடமாக வெளிநாட்டு ஆர்டர் பார்க்கிறேன். ஆடிட் வருகிற அன்றைக்குப் புகார்ப் பெட்டியைத் துடைத்து வைப்போம், சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. இதுவும் அப்படித்தான் முடியும். 2001ல் அமெரிக்காவில் ஹார்கின், எங்கெல் என்று இரண்டு எம்.பி.க்கள் முன்னால் நின்று, கோகோ தோப்புகளில் கொடுமையான குழந்தைத் தொழிலை ஒழிப்போம் என்று சாக்லெட் கம்பெனிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். அப்புறம் எத்தனை திட்டம், எத்தனை பயிற்சி! கடைசியில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு அமைப்பு 2020ல் வெளியிட்ட கணக்கில், மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் கோகோ வேலையில் இருக்கும் பிள்ளைகள் 15.6 லட்சம். கோகோ விளையும் பகுதிகளில் விவசாயக் குடும்பப் பிள்ளைகளில் 31 சதவீதமாக இருந்தது, பத்து வருடத்தில் 45 ஆகியிருக்கிறது. விவசாயிக்கு விலை கொடுத்தால் அவனே கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வான்.

கரும்பலகை:
அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது, அதே பத்து வருடத்தில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் கூடியிருக்கிறார்கள். பள்ளிக்கும் போகிறார்கள், அரிவாளும் பிடிக்கிறார்கள். அதனால் வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தால் ஒன்றும் தெரியாது, பிள்ளையைத்தான் கேட்க வேண்டும்.

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் டீச்சர், எங்கள் ஊரைச் சுற்றியும் தென்னையும் கோகோவும்தான். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் வாரத்தில் மூன்று நாள் வரமாட்டான். தோப்பில் வேலை செய்கிறான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம், இடது கட்டைவிரலில் வெட்டுக்காயம் வேறு. ஒரு நாள் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, நம் வகுப்பில் யார் வருவதில்லை, ஏன் என்று நீங்களே பேசுங்கள் என்று விட்டுவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். பத்து நிமிடத்தில் ஒரு பெண் சொன்னாள், "அவனோட தங்கச்சிய யாரு டீச்சர் பாத்துக்குவாங்க?" இரண்டரை வயதுக் குழந்தை. அம்மா தோப்புக்குப் போனால் இவன்தான் காவல். காயம்கூடத் தங்கச்சிக்கு இளநீர் சீவும்போது பட்டதாம். அந்தக் குழந்தையை அங்கன்வாடியில் சேர்த்தோம், பையன் இப்போது தினமும் வருகிறான். எட்டு மாதமாக நாலு பெரியவர்கள் கேட்காத கேள்வி அது.

ஆனைமலைத் தோப்புக்காரன்:
அது நல்ல டீச்சர் செய்கிற வேலைங்க. அதற்குக் கம்பெனி பேனரும் போட்டோவும் எதற்கு? இன்னொன்று, நாங்கள் காயைக் கத்தியால் உடைப்பதில்லை. கட்டையால் ஒரு தட்டு, பிளந்துவிடும். கத்தி போட்டால் உள்ளே கொட்டையும் வெட்டுப்படும், அதை எவனும் வாங்கமாட்டான்.

மில்லுக்குப் போனவள் தங்கச்சி:
போட்டோவை விடுங்கள் அண்ணா. என் அக்கா பதினைந்து வயதில் நூல் மில்லுக்குப் போனாள், மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகப் பணம், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்றார்கள். சுமங்கலித் திட்டம் என்று பேர், கொங்கு நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் உதவிக்குக் கூப்பிட 1098 என்று ஒரு எண் இருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஹாஸ்டல் போன் வார்டன் அறையில்தான் இருந்தது. அதனால் உரிமையை மனப்பாடம் செய்ய வைத்தால் போதும் என்று நான் சொல்லமாட்டேன், யாரிடம் போய்ச் சொல்வது, சொன்ன பிறகு அடி விழாமல் யார் பார்த்துக்கொள்வது, அதுவும் சேர்ந்து வர வேண்டும்.

கரும்பலகை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989ல் வந்தது, இந்தியா 1992ல் சேர்ந்தது. தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் குழந்தை சொல்வதைக் கேட்க வேண்டும் என்று அதன் 12ஆம் பிரிவே சொல்கிறது.

தோப்புக்கார அண்ணா, உங்கள் மகன் பள்ளி நேரம் போக உங்களோடு உட்காருவதை குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் தடுக்கவில்லை, ஆபத்தான வேலையாக இல்லாத வரை. ஆனால் உங்கள் தோப்பில் கூலிக்கு வருகிறவரின் பன்னிரண்டு வயதுப் பையனும் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தால் அது அவனுக்குக் குடும்பத் தொழில் ஆகாது. கட்டையால் தட்டினாலும்.

பின்னலாடைக்காரன்:
அடடா, அண்ணன் ஆன்லைனில் இருக்கிறாரா?

ஆனைமலைத் தோப்புக்காரன்:
இருக்கிறேன், இருக்கிறேன். ஒரு பையன் வருகிறான்தான். அவங்கப்பா கூட வருகிறான், தனிக்கூலி எதுவும் கொடுப்பதில்லை.

மில்லுக்குப் போனவள் தங்கச்சி:
கூலி இல்லாமல் என்றால் இன்னும் மோசம் அண்ணா!

கரும்பலகை:
சண்டை வேண்டாம். கம்பெனி குழு பிடிக்கவில்லையா, ஊராட்சியிலேயே கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று இருக்க வேண்டும், தலைவர் பொறுப்பில். அதில் இரண்டு பிள்ளைகளும் உறுப்பினர். பேனர் கிடையாது, டீயும் நம் காசுதான்.

ஆனைமலைத் தோப்புக்காரன்:
என் தம்பி வார்டு உறுப்பினர், அவனைக் கேட்டேன். குழு இருக்கிறதாம், கையெழுத்துப் போட்ட தாள் பீரோவில் இருக்கிறதாம், கூட்டம் நடந்ததாக மட்டும் ஞாபகம் இல்லையாம். அக்டோபர் 2 கிராம சபையில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் வேண்டாம், அதில் நான் மாறவில்லை. அந்தப் பையனை வரவேண்டாம் என்று அவங்கப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன், நாளைக்குக் கேட்கிறேன்.

இதை மகனிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ ஞாயித்துக்கெழம எனக்கு மேட்ச் இருக்குதுப்பா, காய் உடைக்க வரலீன்னா பரவாயில்லையா?" என்கிறான்.