பேட்டரி ஏர் பம்புக்குத் தமிழ்: "மின்தடைக் காற்றூட்டி" சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மீன்தொட்டி பராமரிப்பு பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கரண்ட் போனதும் தானாகவே பேட்டரிக்கு மாறி ஓடுகிற ஏர் பம்ப் இருக்கிறதல்லவா, அதற்கு "மின்தடைக் காற்றூட்டி" என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

*

> மின்தடைக் காற்றூட்டி

"மின்தடை" வேண்டாமே. செய்தித்தாளில் அது கரண்ட் போவது. இயற்பியல் பாடநூலில் ஓம் கணக்கில் அளக்கிற தடை. பேட்டரி, வயர் என்று பேசுகிற கையேட்டில் இரண்டும் மோதும். "மின்வெட்டு" என்றாலோ யாரோ வேண்டுமென்றே நிறுத்தியது போல் இருக்கிறது. வீட்டில் ஃபியூஸ் போனாலும் மீனுக்கு மூச்சு முட்டத்தானே செய்யும்?

கரண்ட் போவதைப் பெயரில் சொல்லியே ஆக வேண்டுமா என்ன? கணினித் தமிழில் பேக்கப்புக்கு "காப்பு நகல்" புழங்குகிறது. அந்த வழியில் "காப்புக் காற்றூட்டி" எனலாம்.

*

காப்பு சரி. எனக்கு உறுத்துவது "காற்றூட்டி". குமிழியிலிருந்து நேராகத் தண்ணீரில் கரைகிற ஆக்சிஜன் கொஞ்சம்தான். குமிழிகள் ஏறும்போது அடித்தண்ணீரையும் இழுத்து வந்து மேற்பரப்பை அலைக்கின்றன; பெரும்பாலும் அங்கேதான் ஆக்சிஜன் கரைகிறது.

ஒருமுறை இரவில் கரண்ட் போய், எங்கள் தொட்டி மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கையில் இருந்தது ஒரு டம்ளர். தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினேன். அரை மணி நேரம் போல ஊற்றிய பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. நான் எந்தக் காற்றையும் ஊட்டவில்லை, தண்ணீரைக் கலக்கினேன். "காப்பு நீர்க்கலக்கி" என்றால் என்ன?

*

நீர்க்கலக்கி என்றதும் குட்டையில் இறங்கிய எருமைதான் நினைவுக்கு வருகிறது, மன்னியுங்கள்! "ஊட்டி" பொய் என்றால் குளிரூட்டியும் பொய்தான். அது வெப்பத்தை வெளியே தள்ளுகிறதே தவிர, குளிரை ஊட்டுவதில்லை. ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது.

ஆனால் டம்ளர் விஷயம் கையேட்டில் கட்டாயம் வர வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்வது சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான். சூடு ஏறினால் அதுவும் குறையும். கரண்ட் வரும்வரை இரை போட வேண்டாம் என்றும் எழுதுங்கள். தின்ற மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும், மிஞ்சிய இரை அழுகினால் அதுவும் ஆக்சிஜனைக் குடிக்கும்.

அப்புறம், செக் வால்வுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், அது நின்றதும் தண்ணீர் குழாய் வழியே இறங்கிப் பம்புக்குள் புகுந்துவிடும். அதைத் தடுக்கிற அந்தச் சின்னப் பொருளுக்குத்தான் கேட்கிறேன்.

*

"காப்புக் காற்றூட்டி" என்றே மாற்றிவிட்டேன். செக் வால்வுக்கு "ஒருவழி வால்வு" என்று எழுதியிருந்தேன். இப்போது "பின்னோட்டத் தடுப்பி" இன்னும் தெளிவாகப் படுகிறது. படத்துக்குக் கீழே இப்படிச் சேர்க்கிறேன்: "மாட்டும் முன் இரண்டு முனையிலும் வாயால் ஊதிப் பாருங்கள். ஊதினால் காற்று உள்ளே போகிற முனை, பம்ப் பக்கம்."