புது ஸ்போர்ட்ஸ் காரில் கொல்லிமலை, பக்கத்து சீட்டில் அப்பா: உங்கள் வார இறுதிப் பயணத்தையும் எழுதுங்கள்

வண்டி கைக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. பிஎம்டபிள்யூ எம்2, ஆறு கியர் மேனுவல். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 480 குதிரைத்திறன். இங்கே பலருக்கும் இதெல்லாம் மனப்பாடம் என்று தெரியும். ஆனாலும் பத்து வருடம் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி, ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் 2,000 கிலோமீட்டர் வரை இன்ஜினைப் பழக்க வேண்டும். இன்ஜின் சுழற்சியை நிமிடத்துக்கு 5,500க்கு மேல் விடக்கூடாது, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கக்கூடாது, ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டக்கூடாது. 2,000 ஆனதும் சர்வீசில் இன்ஜின் ஆயிலையும் பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலையும் மாற்றுவார்கள். நான் ஆபீஸ் போய்வருவதை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு முடிய மாதக்கணக்காகும். ஓடோமீட்டரில் அப்போது 1,170. நாமக்கல் போய், கொல்லிமலை ஏறி இறங்கி, திரும்பி வந்தால் சரியாக இருக்கும். நாமக்கல்லில்தான் அப்பா இருக்கிறார். இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர். வண்டியை அவர் அதுவரை பார்க்கவில்லை.

சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு வேளச்சேரியிலிருந்து கிளம்பினேன். பெருங்களத்தூர், செங்கல்பட்டு எல்லாம் இருட்டிலேயே தாண்டியாயிற்று. மணிக்கு நூறு கிலோமீட்டரில், ஆறாவது கியரில் இன்ஜின் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் மெதுவாக ஓடுகிறது. அவ்வப்போது நாலாவதுக்கு இறக்கி, கொஞ்சம் ஏற்றி, மறுபடி ஆறு. பழக்கும் காலத்தில் சுழற்சியை மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் வேலையே.

மேல்மருவத்தூர் தாண்டியபோது விடிந்துவிட்டது, கூடவே தொல்லையும் வந்தது. ஒரே பைக்கில் மூன்று பையன்கள், ஹெல்மெட் கிடையாது. நடுவில் இருந்தவன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறான், ஓட்டுகிறவன் சாலையைப் பார்க்காமல் என் வண்டியைப் பார்த்துக்கொண்டே வருகிறான். நான் வேகத்தைக் கூட்டினால் அவர்களும் கூட்டுவார்கள். குறைத்தால் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வருவார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இண்டிகேட்டர் போட்டு இடதுபக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன், அவர்களும் நிறுத்தினார்கள். "அண்ணா, ஒரே ஒரு தடவ ரேஸ் பண்ணுங்கண்ணா" என்றான் ஒருவன். புது இன்ஜின் தம்பி, இப்போது அது கூடாது என்று காரணத்தைச் சொன்னேன், காது கொடுத்துக் கேட்டான். ஓட்டி வந்த பையனை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏறினான். ஸ்டியரிங்கைத் தொடாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஐந்து நிமிடம். அப்புறம் அவர்கள் பின்னால் வரவில்லை. இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யாராவது துரத்திப் படம் எடுத்தால் ஓடாதீர்கள், நிறுத்திவிடுங்கள். நாம் வேகம் எடுத்தால் விழப்போவது அவர்கள்.

உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பினேன். நாலுவழிச் சாலை சில ஊர்ப் புறவழிகளில் சட்டென்று இருவழியாகச் சுருங்கியது, எதிரில் பஸ் வந்தது. அந்த மாதிரி இடத்தில் ஓவர்டேக் வேண்டவே வேண்டாம். ஆத்தூரிலிருந்து ராசிபுரம் போகும் வழியில் வெள்ளைக்கோடு அடிக்காத வேகத்தடை ஒன்றில் முன்பம்பரின் அடி உரசியது. அந்தச் சத்தம் எலும்பில் கேட்டது. இறங்கிக் குனிந்து பார்த்தேன், அடித்தட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். அதற்கப்புறம் எல்லா வேகத்தடையையும் குறுக்காகத்தான் ஏற்றினேன், முதலில் ஒரு சக்கரம், பிறகு அடுத்தது. பின்னால் வருகிறவருக்கு முன்கூட்டியே கை காட்டிவிட வேண்டும், இல்லையென்றால் நாம் திரும்புகிறோம் என்று நினைத்துக்கொள்வார்.

வீட்டு வாசலில் அப்பா வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். விலை கேட்டார், சொன்னேன். "மூணு லாரி எடுத்திருக்கலாமே கண்ணு" என்றார். கோபம் இல்லை, கணக்கு மட்டும்தான். பின்பக்கம் குனிந்து டயரின் பக்கவாட்டை வாசித்தார். அகலம் 285 மில்லிமீட்டர். "லாரி டயரே இவ்வளவு அகலம் இல்லீங்களே" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். குரலில் பெருமை இருந்தது.

ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. ஏற்றத்தில் பெரும்பாலும் இரண்டாவது கியர்தான். நேர் என்று சொல்லும்படி நீளமாக எதுவுமே இல்லை. இந்த வண்டிக்கு 480 குதிரைத்திறன் இருப்பது அங்கே பொருட்டே இல்லை. ஸ்டியரிங் திரும்பும் நுட்பம், பிரேக்கை விரலால் தொட்ட மாதிரி மிதிக்க முடிவது, வளைவு முடியும் இடத்தில் பின்சக்கரம் மெதுவாகத் தள்ளிக்கொண்டு வருவது, இவைதான் தெரிகின்றன. முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இவ்வளவு சந்தோஷம் கிடைக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கியரைக் குறைக்கும்போது இன்ஜின் தானாகவே ஒரு உறுமு உறுமிச் சுழற்சியைச் சரிசெய்துகொள்ளும் வசதி இதில் இருக்கிறது. நாலைந்து வளைவு வரை அப்பா பேசாமல் வந்தார். பிறகு, "நீ ரேஸ் குடுக்கறியா, வண்டியே குடுக்குதா?" என்றார். வண்டிதான் என்றேன். அவர் ஓட்டிய பழைய லாரிகளில் டபுள் கிளட்ச் போட்டால்தான் கியர் விழும். கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு ரேஸ், மறுபடி மிதித்துக் கியர். இருபத்தாறு வருடம் அவர் காலால் செய்ததை வண்டி தானாகச் செய்கிறது. "அதை நிறுத்த முடியுமா?" என்றார். முடியும். திரையில் போய் நிறுத்தினேன். அடுத்த வளைவில் நான் காலால் கொடுத்த ரேஸ் அதிகமாகப் போய் வண்டி குலுங்கியது. "கம்மியா குடு. சத்தத்தக் கேளு, மீட்டரப் பாக்காத." பத்து வளைவுக்கு அப்புறம் ஒன்று சரியாக விழுந்தது, கியர் மாறியதே தெரியவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை இறக்கிவிட்டார், காட்டுக் குளிர் உள்ளே வந்தது.

முப்பதாவது வளைவைத் தாண்டியதும், "நில்லு நில்லு, மேல பஸ் வருது" என்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் மரங்களுக்கு இடையில் மேலே பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார், இரண்டு வளைவுக்கு மேலே அரசுப் பேருந்தின் கூரை நகர்ந்தது. ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. ஆனால் அந்த வளைவில் பஸ்ஸுக்கு மொத்த அகலமும் வேண்டும். அகலமான இடம் பார்த்து ஓரம்கட்டினோம். டிரைவர் கடந்துபோகும்போது கை தூக்கினார், அப்பாவும் தூக்கினார். கூரையில் பலாப்பழம் அடுக்கிய ஜீப் ஒன்று பின்னாலேயே வந்தது. அன்றிலிருந்து மலையில் நான் அடுத்த வளைவைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, அதற்கு மேலே உள்ள சாலையையும் பார்க்கிறேன்.

மேலே செம்மேட்டில் இட்லி. அறப்பளீஸ்வரர் கோயில். ஆகாய கங்கை அருவிக்கு அப்பாவின் மூட்டு ஒத்துழைக்காது என்பதால் படி இறங்கவில்லை.

இறங்கும்போது அவர் சொன்ன ஒரே பாடம்: "ஏறுன கியர்லதான் எறங்கணும்." இரண்டாவது கியரிலேயே விட்டு, இன்ஜின் பிடியில் இறங்கினோம். பிரேக்கைச் சுருக்கமாக மிதித்து விடுவது, தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருப்பதில்லை. நாற்பதாவது வளைவுக்குக் கீழே ஒரு வாடகை வேன் ஓரமாக நின்றது, முன்சக்கரத்திலிருந்து புகை, நாலு பேர் தண்ணீர் பாட்டிலோடு நின்றார்கள். அப்பா இறங்கிப் போய், சூட்டில் தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் வளைஞ்சிரும், அரைமணி நேரம் ஆறட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். அடிவாரத்தில் எங்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

உங்கள் பயணங்களையும் எழுதுங்கள். வேகக் கதை வேண்டாம், வழியில் பார்த்தவர்களைப் பற்றி எழுதுங்கள்.

*

கோயம்புத்தூரிலிருந்து:

மினி கூப்பர் எஸ் வாங்கிய இரண்டாவது வாரம் வால்பாறை போனோம். ஆழியாறிலிருந்து நாற்பது வளைவு. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ காட்சிமுனையில் நிறுத்தியபோது வரையாடு ஒன்று தடுப்புச் சுவரில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தயவுசெய்து அவற்றுக்கு எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள். மனிதர்களைத் தேடிச் சாலைக்கு வந்து பழகிவிடும், வண்டி இடிக்கும்.

மேலே போன பிறகு ஒரு பள்ளத்தில் இறங்கி முன் டயரின் பக்கவாட்டில் முட்டை மாதிரி வீங்கிவிட்டது. வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. அந்த அளவு டயர் வால்பாறையில் எங்கே கிடைக்கும்? தேயிலைத் தோட்டத்து மேற்பார்வையாளர் ஒருவர் தன் வீட்டு வாசலில் வண்டியை விடச் சொல்லி, எங்களுக்கு இரவுச் சாப்பாடும் போட்டார். அடுத்த நாள் என் மச்சான் கோவையிலிருந்து பஸ்ஸில் டயரைக் கொண்டு வந்தான். மலைக்குப் போவதற்கு முன் உங்கள் டயர் அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கடையில் இருப்பு இருக்கிறது என்றும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

*

சிங்கப்பூரிலிருந்து:

எங்களுக்கு வார இறுதி என்றால் மலேசியாதான். மாஸ்டா எம்எக்ஸ்-5 எடுத்ததும் மனைவியோடு மலாக்கா போனேன். கிளம்பும்போது டேங்கில் முக்கால் பாகம் பெட்ரோல் இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பக்கம் ரான் 95 வகைப் பெட்ரோலை நம் சிங்கப்பூர் பதிவெண் வண்டிக்குப் போடக்கூடாது, 97 தான். விஇபி என்ற வாகன நுழைவு அனுமதி இல்லாமல் போனால் 2025 ஜூலையிலிருந்து 300 ரிங்கிட் அபராதம்.

மலாக்காவில் 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலுக்கு மேற்கூரையைத் திறந்துகொண்டே போனோம். வாசலில் கெபாயா என்ற மலாய் மேற்சட்டை போட்ட பாட்டி ஒருவர் மலாயில் பேசினார். மலாக்கா செட்டி வம்சம். தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள், வீட்டுமொழி மலாய், கும்பிடுவது நம் சாமிகளை. கூரை இல்லாத வண்டியில் வெயிலில் வந்தோமே என்று என் மனைவியின் தலையில் கை வைத்துப் பார்த்தார். அந்தக் கையைத்தான் இருவரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

*

மதுரையிலிருந்து:

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி. அப்பாவை ஓட்ட விட்டீர்களா, இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

*

முதலில் எழுதியவர்:

விட்டேன். எழுதும்போது தொண்டை அடைத்தது, அதனால் நிறுத்திக்கொண்டேன்.

சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல் வரை அவர் ஓட்டினார். உரிமம் நடப்பில் இருக்கிறது, இன்சூரன்ஸையும் பார்த்துக்கொண்டேன். சீட்டை நிமிர்த்தி முன்னால் இழுத்து, லாரியில் உட்காருவது போலவே உட்கார்ந்தார். வேகம் அறுபதைத் தாண்டவில்லை. ஒவ்வொரு கியருக்கும் நடுவில் ஒரு நொடி நியூட்ரலில் நிறுத்தித்தான் போட்டார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் முன்னால் வேண்டுமென்றே மெதுவாகப் போனார். வெல்டிங் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "அண்ணே, உங்க வண்டிங்களா?" என்று கத்தினார். அப்பா, "பையனுது" என்றார்.

வீட்டு முன்னால் கொஞ்சம் சரிவு. வண்டியை நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் நெம்புகோலைத் தேடினார். பட்டனைக் காட்டினேன், அழுத்தினார், முதல் கியரிலும் போட்டார். அப்புறம் இறங்கிப் போய் வேலியோரம் கிடந்த ஒரு கருங்கல்லைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சென்னைக்குக் கிளம்பும்போது அந்தக் கல்லை நான்தான் எடுத்து வைத்தேன்.