தஞ்சாவூர் கோட்டைக்குள் நடை: வழிகாட்டி வைத்தால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

குடந்தைவாசி கேட்டது:

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் பழைய ஊரை நடந்தே பார்க்கலாம் என்று இருக்கிறோம். மொத்தம் 14 பேர். மூன்று பேருக்கு 65 வயதுக்கு மேல், இரண்டு பேர் பள்ளிப் பிள்ளைகள். கும்பகோணத்திலிருந்து காலை ரயிலில் வருவோம்.

எங்களுக்கு வேண்டியது கோயில் தரிசனம் மட்டும் அல்ல. கோட்டை, அகழி, வாசல், வீதி என்று அந்த ஊர் எப்படி அமைந்திருந்தது என்று புரிய வேண்டும். இரண்டு வழிகாட்டிகளிடம் பேசிப் பார்த்தேன். இருவரும் "பெரிய கோயில், அரண்மனை, இரண்டு மணி நேரம்" என்றார்கள். கோட்டையைப் பற்றிக் கேட்டால் "அதில் பார்க்க என்ன இருக்கிறது, எல்லாம் வீடாகிவிட்டதே" என்கிறார்கள். அப்படித்தானா? எந்த வரிசையில் போவது, எத்தனை மணி நேரம் ஆகும், வழிகாட்டியிடம் முன்கூட்டியே என்ன பேசிக்கொள்வது?

---

அலங்கத்தெரு பதில்:

வீடாகிவிட்டது உண்மைதான் சார். ஆனால் அதற்காகப் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. செஞ்சி மாதிரி மலை மேல் மதிலைத் தேடினால் ஏமாற்றம்தான். இது டெல்டா மண். குன்று கிடையாது, பாறை கிடையாது. பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. இங்கே கோட்டை என்றால் அகழி தோண்டுவது, மண்ணைக் கொட்டி மேடாக்குவது, அதற்குச் சுவர் கட்டுவது. சுவர் பல இடங்களில் போய்விட்டது. மேடும் பள்ளமும் பெயர்களும் இருக்கின்றன.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோட்டை ஒன்றல்ல, இரண்டு. தென்மேற்கு மூலையில் சின்னது, அதாவது சிவகங்கைக் கோட்டை. பெரிய கோயில், சிவகங்கைக் குளம், ஸ்வார்ட்ஸ் தேவாலயம் மூன்றும் இதற்குள். இது தஞ்சையின் முதல் நாயக்க மன்னர் சேவப்ப நாயக்கர் காலத்தது. அதை ஒட்டி வடகிழக்கே விரிவது பெரிய கோட்டை. அரண்மனையும் நான்கு ராஜவீதிகளும் அதற்குள். இந்த ஒரு வரியைச் சொல்லாமல் நடையை ஆரம்பிக்கிற வழிகாட்டியோடு போனால் கடைசி வரை திசையே புரியாது.

அடுத்தது "அலங்கம்". கீழ அலங்கம், மேல அலங்கம், வடக்கு அலங்கம், தெற்கு அலங்கம் என்று தெருப் பெயர்ப் பலகையில் இருக்கும். அலங்கம் என்றால் கோட்டை மதில், கொத்தளம். அந்த நான்கு பெயர்களையும் வரைபடத்தில் புள்ளி வைத்து இணைத்தால் பெரிய கோட்டையின் வெளிக்கோடு கிடைத்துவிடும். பிள்ளைகளிடம் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்து இதைச் செய்யச் சொல்லுங்கள்.

நான் சொல்லும் வரிசை இது:

காலை 6 மணி, பெரிய கோயில் முன்வாசல். உள்ளே போகாதீர்கள். மராட்டா வாசலுக்கு முன்னால் அகழியைத் தாண்டும் இடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். இரண்டு பக்கமும் எட்டிப் பாருங்கள். கீழே அகழி, எதிரே மதில், மதிலின் மேல் செங்கல் கைப்பிடிச்சுவர், அதில் துப்பாக்கி நீட்டத் துளைகள். அந்தத் துளை 1010-ல் குடமுழுக்கு கண்ட கோயிலுக்கு உரியதல்ல, வெடிமருந்துக் காலத்துக்கு உரியது. கோயில் மதிலே கோட்டை மதிலாக மாறிய கதை இந்த ஒரு இடத்தில் தெரியும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செருப்பு விடும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

6.15 முதல் 8 வரை கோயில். 8 மணிக்கு மேல் சிவகங்கைக் குளக்கரை, ஸ்வார்ட்ஸ் தேவாலயம். தேவாலயம் 1779-ல் கட்டியது. உள்ளே ஆங்கிலச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் புடைப்புச் சிற்பம்: மரணப் படுக்கையில் ஜெர்மன் பாதிரியார் ஸ்வார்ட்ஸ், அவர் கையைப் பிடித்தபடி மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. கட்டடம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். சாவிக்கு முந்தின நாளே ஏற்பாடு செய்ய வேண்டும். ஞாயிறு என்றால் ஆராதனை நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

8.45-க்கு டிபன், காபி. 9.30-க்கு மேலவீதி. இங்கே அவசரப்படாதீர்கள். அய்யன்குளம் இந்த வீதியில்தான். சிவகங்கைக் குளத்திலிருந்து நிலத்தடிக் குழாய் வழியாக இந்தக் குளத்துக்குத் தண்ணீர் வந்தது. சிவகங்கைக் குளத்துக்கோ ஊருக்கு வெளியே சேவப்பநாயக்கன் ஏரியிலிருந்து. முற்றுகை வந்தால் கோட்டைக்குள் முதலில் தீர்வது தண்ணீர், ஆகவே சுவரைப் போலவே குளமும் பாதுகாப்பு ஏற்பாடுதான். பங்காரு காமாட்சி கோயிலும் இதே வீதி. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகள் பூஜை செய்த கோயில். பரதநாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வர் வீடும் இங்கேதான்.

10.30 முதல் 12.30 வரை அரண்மனை. பிறகு ஆட்டோ பிடித்து பீரங்கி மேடு (கிழக்கு வாசல் பக்கம் பெரிய பீரங்கி வைத்த மேடு), அங்கே இருபது நிமிடம். அங்கிருந்து கீழவாசல் இறங்கி முடித்துவிடலாம். கோயில் வாசலிலிருந்து அரண்மனைக்கு நேராகப் போனால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மேலவீதி சுற்றிப் போனால் அதற்கும் அதிகம். மொத்தம் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், டிபனும் சேர்த்து. வழிகாட்டி சொன்ன இரண்டு மணி நேரம் கோயிலுக்கே சரியாகிவிடும்.

---

கல்லெழுத்து பதில்:

மேலே சொன்ன வரிசை நல்ல வரிசை. வழிகாட்டி விஷயம் மட்டும் சொல்கிறேன்.

அடையாள அட்டை கேளுங்கள். மத்திய அல்லது மாநிலச் சுற்றுலாத் துறை உரிமம் உள்ளவர்கள் கேட்காமலே காட்டுவார்கள். கூலியைத் தலைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள், குழுவுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். எத்தனை மணி நேரம், டிபன் நேரம் அதில் சேர்த்தியா, நுழைவுச் சீட்டும் ஆட்டோவும் யார் செலவு என்று மூன்றையும் வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் கைவினைக் கடைக்குக் கூட்டிப் போவது வழக்கம். "தட்டும் தலையாட்டிப் பொம்மையும் கடைசியில் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஒரு மணி நேரம் மிச்சம்.

14 பேர் என்பது ஒருவர் குரலுக்கு விளிம்பு. பிரகாரத்தில் கேட்கும், ராஜவீதியில் பஸ் ஹாரனுக்கு நடுவே கேட்காது. ஆகவே வீதியில் நடக்கும்போது பேச வேண்டாம், நின்று பேசிவிட்டு நடக்கலாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆள் எப்படி என்று போனிலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி: "விமானத்து நிழல் தரையில் விழுமா?" என்று கேளுங்கள். விழாது என்று அடித்துச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். காலை 7 மணிக்கு விமானத்துக்குப் பின்னால், மேற்கே கருவூர்த்தேவர் சன்னதிப் பக்கம் போய் நின்றால் நீங்கள் நிற்பதே அந்த நிழலில்தான். அதேபோல "உச்சியில் 80 டன் ஒற்றைக்கல்". அந்தச் சிகரம் ஆரஞ்சுச் சுளை போலப் பல கற்களைச் சேர்த்து அமைத்தது. நந்தி வளர்ந்துகொண்டே போனது, ஆணி அடித்து நிறுத்தினார்கள் என்று கதை சொல்வார்கள்; அந்த நந்தியே சோழர் காலத்தது அல்ல, நாயக்கர் காலத்தது. வடபக்கம் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் உருவத்தைக் காட்டி "ராஜராஜன் அன்றே கணித்தான்" என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். மேல்தளச் சுதை வேலை பின்னாளில் சீரமைக்கப்பட்டது. "உள்ளே சோழர் ஓவியம் காட்டுகிறேன், தனியாகக் கொடுங்கள்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கருவறையைச் சுற்றிய அந்த உட்பாதை பொதுமக்களுக்குத் திறப்பதில்லை.

இந்தப் பொய்களுக்குச் செலவாகும் அரை மணி நேரத்தில் இரண்டு கல்வெட்டு காட்டச் சொல்லலாம். ஒன்று, விமானத்தின் அதிட்டானத்தில் (அடிப்பீடத்தில்) ராஜராஜன் தானும் தன் அக்கனும் தன் பெண்டுகளும் கொடுத்ததைக் கல்லில் வெட்டச் சொன்ன பகுதி. இன்னொன்று தென்மேற்குத் திருச்சுற்றில் 1803-ல் வெட்டிய போன்ஸ்லே வம்ச (தஞ்சை மராட்டிய மன்னர் குல) சரித்திரம், மராட்டியில். ஒரே மதிலுக்குள் இரண்டு ஆட்சி, நடுவே எட்டு நூற்றாண்டு. கோட்டை எத்தனை கை மாறியது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை.

---

வடவாற்றங்கரை பதில்:

அலங்கத்தெரு சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு. பீரங்கி மேட்டைக் கடைசியில், அதுவும் மதியம் ஒரு மணிக்கு வைத்தால் 65 வயதுக்காரர்கள் ஆட்டோவை விட்டு இறங்க மாட்டார்கள். படியேற வேண்டும், நிழல் குறைவு. தையிலும் மதிய வெயில் வெயில்தான். கோட்டையை எதிரி எப்படிப் பார்த்திருப்பான் என்று புரிய, வெளியிலிருந்து உள்ளே வரவேண்டும். அதற்கு ஏற்ற இடம் கீழவாசல்.

என் யோசனை இரண்டு அரை நாள். சனி மாலை 4.30-க்குக் கீழவாசலில் தொடங்கி பீரங்கி மேடு, கீழ அலங்கம், அந்தி சாய்வதற்குள் முடித்துவிடுங்கள். ஞாயிறு காலை கோயில், குளம், மேலவீதி, அரண்மனை. ஞாயிறு மட்டும்தான் முடியும் என்றால் பீரங்கி மேட்டை முதலில் வையுங்கள்: 6 மணிக்கு அங்கே, 6.45-க்கு ஆட்டோவில் கோயில். கோயிலில் கல் தரை சுடுவது 10 மணிக்கு மேல்தான், ஆகவே நஷ்டமில்லை.

அந்தப் பீரங்கியில் பார்க்க வேண்டியது நீளம் மட்டுமல்ல. ஏறத்தாழ 25 அடி, 22 டன் என்று எல்லோரும் சொல்வார்கள். கிட்டே குனிந்து குழலின் மேல்பரப்பைப் பாருங்கள், வளையம் வளையமாகத் தெரியும். இது வார்ப்பு அல்ல. இரும்புப் பட்டைகளை நெடுகக் குழலாக அடுக்கி, அதன் மேல் காய்ச்சிய வளையங்களை ஒன்றையொட்டி ஒன்றாக இறக்கி அடித்துச் சேர்த்தது. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: சூட்டில் விரிந்து ஏறும், ஆறும்போது இறுக்கிப் பிடிக்கும். ரகுநாத நாயக்கர் காலத்து வேலை. இத்தனை கனத்தை இழுத்துக்கொண்டு போருக்குப் போக முடியாது, மேட்டில் வைத்துக் கிழக்கு வாசலைக் காப்பதற்குத்தான்.

வழிகாட்டி முற்றுகைக் கதை சொல்ல விரும்பினால் இந்த மேட்டில் சொல்லச் சொல்லுங்கள். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டுத் திரும்பிப் போனது, 1773-ல் ஆற்காட்டு நவாபுக்காக ஆங்கிலேயர் பிடித்தது, 1776-ல் மராட்டிய மன்னர் துளஜாவுக்கே திரும்பக் கிடைத்தது, எல்லாம் இந்த மதிலைச் சுற்றித்தான்.

ஒரு வேண்டுகோள். அலங்கத்தில் மக்கள் குடியிருந்த, குடியிருக்கிற இடங்கள் உண்டு. வாசலில் நின்று வீட்டுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

---

குடந்தைவாசி:

மிக்க நன்றி. ஞாயிறு மட்டும்தான் முடியும், பீரங்கி மேட்டை முதலில் வைத்துக்கொள்கிறோம். ஆனால் கும்பகோணத்திலிருந்து 6 மணிக்குள் வந்து சேர வேண்டுமே, அதற்கு முதல் ரயிலே சிரமம். 7 மணிக்குத் தொடங்கினால் எதை வெட்டலாம்? பிரதோஷம் அன்று வந்தால் பாதகமா?

---

அலங்கத்தெரு:

வடவாற்றங்கரை சொல்வது சரி, பீரங்கியை முதலில் வைப்பதே மேல். 7 மணிக்குத் தொடங்கினால் தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள். அரண்மனையில் மாடிகள் ஏறுவதை விட்டுவிடுங்கள். சார்ஜா மாடியும் மணிக்கோபுரமும் சில சமயம் வேலைக்காக அடைத்திருப்பார்கள், ஏற விடுகிறார்களா என்று சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளையும் சரசுவதி மகால் காட்சிக்கூடத்தையும் விடாதீர்கள். அரண்மனைக்குள் ஒவ்வொன்றுக்கும் சீட்டு தனித்தனி, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். சில கூடங்கள் மதியம் 1 மணிக்குச் சாத்தி 3 மணிக்குத்தான் திறக்கும். ஆகவே 11 மணிக்குள் அரண்மனை வாசலில் இருக்க வேண்டும். தாமதமானால் மேலவீதியைச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள், அரண்மனையை அல்ல. மேலவீதியில் கோயில்கள் மாலை 4-க்கு மேல் திறந்திருக்கும், பெரிய கோயிலும் 12.30-க்குச் சாத்தி 4-க்குத் திறக்கும்.

பிரதோஷம் காலை நடைக்குப் பாதகமில்லை. மாலை 4-க்கு மேல்தான் நந்திக்குக் கூட்டம், அதற்குள் நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள். சித்திரைத் தேர் நாளில் மட்டும் வராதீர்கள், நான்கு ராஜவீதியிலும் நகர முடியாது.

---

கல்லெழுத்து:

சின்ன விஷயங்கள் நான்கு. பழைய காலுறை ஒன்று பையில் போட்டுக்கொள்ளுங்கள், பிரகாரத்தில் பெரியவர்களுக்கு உதவும். தண்ணீர் தலைக்கு ஒரு லிட்டர். கழிப்பறைத் தேவையை அரண்மனையை விட்டுக் கிளம்புமுன் முடித்துவிடுங்கள், வீதியில் தேடி அலையவேண்டி வரும். பீரங்கி மேட்டிலிருந்து கோயிலுக்கு 14 பேருக்கு நான்கு ஆட்டோ வேண்டும். ஞாயிறு விடியற்காலையில் கீழவாசலில் சேர்ந்தாற்போல் நான்கு கிடைக்காது. ரயிலடியில் பிடிக்கும்போதே "பீரங்கி மேடு, அரை மணி காத்திருப்பு, பிறகு பெரிய கோயில்" என்று மொத்தமாகப் பேசிக்கொள்ளுங்கள். பீரங்கி மேடு தெரியாது என்று டிரைவர் சொன்னால் கீழவாசல் என்று சொல்லுங்கள்.