கல்லூரி விடுதியில் தங்கப் போகிறேன்: எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலாண்டு மாணவி:
அடுத்த மாதம் முதல் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறேன். இரவில் தனியாக வெளியே போகாதே, முன்பின் அறியாதவர்களிடம் பேசாதே என்று வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் அறிவுரை சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை. ஆனால் படிப்பு முடியும்வரை பொழுது சாய்ந்ததும் அறைக்குள் அடைந்து கிடக்க எனக்கு விருப்பமில்லை. மாணவர்களுக்கு உண்மையில் நேரும் குற்றங்கள் எவை, அவற்றுக்கு முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முன்னாள் விடுதிக் காப்பாளர்:
விடுதிகளில் நான் பார்த்த களவுகளில் பெரும்பாலானவற்றில் பூட்டு உடைக்கப்படவே இல்லை. குளிக்கப் போகும்போதும் பக்கத்து அறைக்குப் பேசப் போகும்போதும், இதோ வந்துவிடுவோம் என்று திறந்து விட்டுச் செல்லும் கதவின் வழியாகத்தான் பொருள்கள் போகின்றன. நுழைவாயிலில் அட்டை வைத்துத் திறக்கும் பூட்டு இருந்தாலும், பின்னால் வருபவர் யாரென்று பாராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மரியாதை அந்தப் பூட்டை வீணாக்கிவிடுகிறது. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

கைப்பேசியில் *#06# அழுத்தினால் தோன்றும், அந்தக் கைப்பேசிக்கே உரிய அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் மடிக்கணினியின் வரிசை எண்ணையும் தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். (அந்தக் கைப்பேசியிலேயே குறித்து வைக்கும் புத்திசாலிகளும் உண்டு.) புகார் எழுதும்போது முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான். தொலைந்த கருவியைத் தேடும் வசதியையும் தொலைவதற்கு முன்பே இயக்கி வைத்தால்தான் பயன்படும். பலரும் வைக்க மறப்பது சிம் அட்டைக்கான பின் (PIN) எண், அதாவது சிம்மை வேறு கைப்பேசியில் போட்டால் கேட்கப்படும் இரகசிய எண். திரை பூட்டியிருந்தாலும், திருடியவர் சிம்மைக் கழற்றி வேறொரு கைப்பேசியில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அவருக்குப் போய்ச் சேரும். பின் எண் இருந்தால் அது நடக்காது.

வங்கி ஊழியர்:
ஓடிபியைப் பகிரக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். மாணவர்கள் அறியாமல் விழும் வலை வேறொன்று. உங்கள் கணக்குக்குப் பணம் வரும், ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்பினால் போதும் என்று பகுதிநேர வேலையாக அதைச் சொல்வார்கள். வருவது வேறொருவரிடம் ஏமாற்றிய பணம். விசாரணை தொடங்கும்போது முதலில் முடக்கப்படுவது உங்கள் கணக்கு, முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே. நண்பர் கேட்டாலும் கணக்கையோ ஏடிஎம் அட்டையையோ இரவல் கொடுக்காதீர்கள்.

மாணவர் ஆலோசகர்:
அறிமுகமில்லாதவர்களைப் பற்றி மட்டும் எச்சரிக்கும் உங்கள் வீட்டாரின் அறிவுரையில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. பாலியல் வன்முறையில் ஈடுபடுபவர் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே அறிமுகமானவராக, அதாவது வகுப்புத் தோழராகவோ, முன்னாள் காதலராகவோ, மூத்த மாணவராகவோ இருக்கிறார். அதனாலேயே வெளியே சொல்லத் தயக்கம் வருகிறது. சங்கடமாக உணரும் இடத்திலிருந்து காரணம் சொல்லாமலேயே கிளம்பிவிடலாம். வெளியே செல்லும்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதைச் சமூக ஊடகத்தில் அறிவிப்பதைவிட, நம்பிக்கையான ஒரு தோழிக்கு மட்டும் திரும்பி வரும்வரை தெரியும்படி வைப்பது மேல்.

அந்தரங்கப் படத்தை வெளியிடுவதாக எவராவது மிரட்டினால் பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். உரையாடலைத் திரைப்பதிவு எடுத்த பிறகே அவரைத் தடை செய்யுங்கள், இல்லாவிட்டால் சான்று போய்விடும். 18 வயது நிறைந்தவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்ற தளம் 2021 முதல் இயங்குகிறது. படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாமல், அதிலிருந்து கணக்கிடப்படும் ஓர் அடையாளக் குறி மட்டும் பங்கேற்கும் நிறுவனங்களுக்குச் சென்று, அவற்றின் தளங்களில் அந்தப் படம் பரவுவதைத் தடுக்க உதவுகிறது.

முதலாண்டு மாணவி:
அனைவருக்கும் நன்றி. காப்பாளர் ஐயா, சிம்முக்குப் பின் எண் வைத்து அதை நானே மறந்துவிட்டால் என்ன ஆகும்?

முன்னாள் விடுதிக் காப்பாளர்:
மூன்று முறை தவறாக இட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். பியுகே எண்ணைக் கொண்டுதான் திறக்க முடியும். சேவை நிறுவனத்திடம் அந்த எண்ணையும், சிம்முடன் வரும் தொடக்கப் பின் எண்ணையும் கேட்டு அறிந்த பிறகே அமைப்பில் கை வையுங்கள் அம்மா. பியுகே எண்ணைப் பத்து முறை தவறாக இட்டால் அந்தச் சிம்மை மாற்றத்தான் வேண்டும்.