மறு: ஃபோர்ஸ் ஃபீட்பேக் – ‘முறுக்குணர்த்தல்’ என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கார் பந்தய சிமுலேஷன் விளையாட்டுகளுக்கான சொற்பட்டியலில் ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட்டது. ‘ஃபோர்ஸ் ஃபீட்பேக்’, அதாவது விளையாட்டுக்கான ஸ்டியரிங் கருவி ஓட்டுகிறவர் கைக்குத் தரும் முறுக்கு, அதற்கான தமிழ்ச் சொல் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. இதுவரை வந்த பரிந்துரைகள்:

> விசைப் பின்னூட்டம்
> எதிர்விசை
> அதிர்வூட்டம்

மூன்றையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், அந்தக் கருவி கைக்கு என்ன செய்கிறது என்பதைப் பேசிவிடலாம். அதை விட்டுவிட்டு அகராதியைப் புரட்டியதால்தான் இந்த இழை இவ்வளவு நீண்டது என்று நினைக்கிறேன்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின் இருக்கை கிடைத்தால் அவர் கைகளைக் கவனியுங்கள். அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கைக் கை மாற்றி மாற்றி வாங்கி ஒடிக்கிறார். வண்டி நிமிரத் தொடங்கியதும் எதிர்ப்பக்கம் ஒடிப்பதில்லை, பிடியைத் தளர்த்திவிடுகிறார். ஸ்டியரிங் அவர் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாகவே சுற்றி நேராகிறது. விரல்கள் அதன் வேகத்தை மட்டும் தடுத்துத் தடுத்து விடுகின்றன.

இது நடக்க இரண்டு காரணங்கள். முன்சக்கரம் திரும்பும் அச்சு செங்குத்தாக இல்லாமல் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. மெக்கானிக்குகள் கேஸ்டர் என்பது இதைத்தான். இரண்டாவது, வளைவில் டயருக்குக் கிடைக்கும் பக்கவாட்டு விசை, டயர் தரையைத் தொடும் பட்டையின் நடுவில் விழாமல் கொஞ்சம் பின்தள்ளி விழுகிறது. இரண்டும் சேர்ந்து சக்கரத்தை நேராக்கப் பார்க்கின்றன. அந்த முறுக்குதான் ஸ்டியரிங் தண்டு வழியாக ஏறிக் கைக்கு வருகிறது.

இனி வருவதுதான் பந்தயக்காரருக்கு உயிர்நாடி. டயர் நழுவ நெருங்க நெருங்க, அந்தப் பக்கவாட்டு விசை விழும் இடம் பட்டையின் நடுவை நோக்கி முன்னால் நகர்கிறது. அதனால் டயரின் பிடிமானம் உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே முறுக்கு தன் உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கிவிடும். கையில் கெட்டியாக இருந்த ஸ்டியரிங் திடீரென்று லேசாகும். ‘இன்னும் ஒடிக்காதே, முன்பக்கம் போகப் போகிறது’ என்ற எச்சரிக்கை அது. கண்ணுக்குத் தெரிவதற்குள் கைக்குத் தெரிந்துவிடுகிறது. அசெட்டோ கோர்சா, ஐரேசிங் போன்ற பந்தய விளையாட்டுகள் இந்தக் கணக்கை ஓயாமல் போட்டுக்கொண்டே இருக்கின்றன. ஸ்டியரிங் கருவிக்குள் இருக்கும் மோட்டார் அதைக் கைக்குக் கொடுக்கிறது.

இரு கையால் பிடித்து விளையாடும் கன்ட்ரோலரில் இதற்கு இடமே இல்லை. கட்டைவிரலுக்கு அடியில் உள்ள குச்சியை நடுவுக்குக் கொண்டுவருவது ஒரு சுருள்வில். கார் நிற்கட்டும், 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடட்டும், தரை காய்ந்திருக்கட்டும், மழையில் நனைந்திருக்கட்டும், அந்த வில் ஒரே மாதிரிதான் இழுக்கும். ஸ்டியரிங் கருவி 900 பாகை சுற்றும் இடத்தில், குச்சிக்குச் சில மில்லிமீட்டர் அசைவுதான். அதை ஈடுகட்ட, விரலின் அசைவை மென்பொருள் மெதுவாக்குகிறது. வேகம் கூடக்கூடச் சக்கரம் திரும்பும் அளவைக் குறைக்கிறது. இவ்வளவுக்குள்ளும் வேகமாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் திறமை பெரிது. ஆனால் அவர்கள் கண்ணாலும் காதாலும் ஓட்டுகிறார்கள். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் கைக்கு வரும் செய்தி, கைப்பிடிக்குள் எடை ஒருபக்கம் சாய்ந்த சின்ன மோட்டார் சுழன்று உண்டாக்கும் அதிர்வு மட்டும்.

இந்த வேறுபாட்டை ஆங்கிலமே சரியாகப் பிரித்து வைக்கவில்லை. 1976இல் வந்த சேகாவின் மோட்டோ-கிராஸ் விளையாட்டில், மோதினால் ஹேண்டில்பார் அதிரும்; அவ்வளவுதான். 1989இல் அடாரியின் ஹார்ட் டிரைவிங் இயந்திரம் ஸ்டியரிங்கில் உண்மையான முறுக்கையே கொடுத்தது. 1997இல் நின்டெண்டோவின் ரம்பிள் பேக் (கன்ட்ரோலரில் செருகும் அதிர்வுக் கருவி; ரம்பிள் என்பது இந்த அதிர்வு) வந்தபின் அதிர்வு வீட்டுக்கு வீடு போய்விட்டது. பின்னாளில் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் (கெர்னல்) உள்ளீட்டுப் பகுதியைத் திறந்து பாருங்கள்: மாறா விசை, சுருள்வில், தடை ஆகியவற்றோடு ரம்பிளும் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கின் ஒரு வகையாகவே வரிசையில் நிற்கிறது. நாம் புதிதாகச் சொல் கட்டுகிறோம். அந்தக் குழப்பத்தையும் சேர்த்து ஏன் சுமக்க வேண்டும்?

இனி பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

‘அதிர்வூட்டம்’ ரம்பிளுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. மேலே சொன்னதே போதும்.

‘விசைப் பின்னூட்டம்’ பற்றிக் கோவை நண்பர் விரிவாக எழுதியிருந்தார். இயற்பியல் வகுப்பில் அது சரியான சொல்தான். ஆனால் இது விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் வரப்போகிறது. கணினித் தமிழில் விசை என்றால் விசைப்பலகையின் விசை. ‘விசை அமைப்புகள்’ என்ற தலைப்புக்குப் பக்கத்திலேயே ‘விசைப் பின்னூட்டம்: 70’ என்று இருந்தால், படிக்கிற பையன் விசையை அழுத்தும்போது வரும் ஓசை என்றுதான் நினைப்பான். பின்னூட்டம் என்ற சொல்லும் வலைப்பதிவுக் காலத்திலேயே ‘வாசகர் கருத்து’ என்ற பொருளில் ஊறிவிட்டது. அதை இனிமேல் பிரித்தெடுப்பது கடினம்.

‘எதிர்விசை’யை முன்வைத்த யாழ்ப்பாணத்து அன்பருக்கு: கேட்க அழகாக இருக்கிறது, ஐயா, ஆனால் நியூட்டனின் மூன்றாம் விதி அதை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. அதைவிடப் பெரிய தடை ஒன்றும் உண்டு: இந்த முறுக்கு எப்போதும் எதிர்ப்பதில்லை. பின்சக்கரம் வழுக்கி வண்டியின் வால் வெளியே போகும்போது, எந்தப் பக்கம் ஒடித்தால் வண்டி தப்புமோ அந்தப் பக்கமே ஸ்டியரிங் தானாக ஓடும். அனுபவமுள்ளவர் அந்த நேரம் பிடியைத் தளர்த்தி அதை ஓடவிடுவார். அங்கே அது நமக்குத் துணை. டயர் நழுவும்போது லேசாவதும் எதிர்ப்பு இல்லை, எதிர்ப்பு குறைவது. ‘எதிர்’ என்று பெயரிலேயே போட்டால் பாதி உண்மையை வெட்டிவிடுகிறோம்.

என் பரிந்துரை முறுக்குணர்த்தல்.

முறுக்கு ஏன்? கைக்கு வருவது நேர்கோட்டு விசை இல்லை, அச்சைச் சுற்றிய திருகல். பள்ளிப் பாடநூல் ‘திருப்பு விசை’ என்கிறது, வண்டிக்காரர்கள் ‘முறுக்கு விசை’ என்கிறார்கள். திருப்புவது ஓட்டுகிறவர் கை, முறுக்குவது ஸ்டியரிங். ஆகவே பின்னதை எடுத்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் லாரி ஓட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ‘கையை முறுக்கிட்டுப் போகுது’ என்று இயல்பாகவே வரும்.

உணர்த்தல் ஏன்? சென்சாருக்கு ‘உணரி’ என்ற சொல்லை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். உணர் தன்வினை, உணர்த்து பிறவினை. கருவி உணர்ந்தால் உணரி, கருவி நமக்கு உணரத் தந்தால் உணர்த்தி. மொழியில் கதவு ஏற்கெனவே திறந்தே இருக்கிறது. இதை ஏற்றால் ஒரு குடும்பமே கிடைக்கும்: ரம்பிளுக்கு அதிர்வுணர்த்தல். 2020இல் வந்த டூயல்சென்ஸ் கன்ட்ரோலரின் விரல்விசைகள் தேவைக்கேற்ப இறுகும். கிரான் டூரிஸ்மோ 7 என்ற பந்தய விளையாட்டில் பிரேக்கின் கெட்டித்தன்மை அதன் வழியாக வருகிறது. அதற்கு இறுக்குணர்த்தல். எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தொட்டுணர்த்தல். பட்டியலைப் படிக்கும்போதே எது கன்ட்ரோலரில் கிடைக்கும், எதற்கு ஸ்டியரிங் வாங்க வேண்டும் என்று விளங்கிவிடும். புதிதாக வாங்க நினைக்கும் மாணவனுக்கு அது பெரிய உதவி.

இயந்திரக் கைகளுக்கும் இதே சொல்லா என்று கேட்பீர்கள். கதிரியக்கப் பொருள்களைத் தொலைவிலிருந்து பிடிக்கும் கைகளுக்காக 1950களிலேயே ரேமண்ட் கோயர்ட்ஸ் இந்த வழியில் வேலை செய்தார். விளையாட்டுக்கு வெகு முன்னால். அங்கே பற்றும் விசையே முக்கியம். ‘விசையுணர்த்தல்’ என்று வைத்துக்கொள்ளட்டும், அந்தத் துறையில் விசைப்பலகைக் குழப்பம் இல்லை.

ஸ்டியரிங்கைத் தமிழாக்க வேண்டும் என்ற கோரிக்கையை இந்த இழையில் எடுக்க வேண்டாம். ஊரெல்லாம் ஸ்டியரிங் என்கிறது, அது இருக்கட்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல் அவசரமாக வேண்டும்: கிளிப்பிங். லாஜிடெக் ஜி29 போன்ற பல்சக்கரக் கருவியின் மோட்டார் சுமார் 2 நியூட்டன் மீட்டர் (முறுக்கை அளக்கும் அலகு) தான் தரும். ஃபனடெக் சிஎஸ்எல் டிடி போல மோட்டார் தண்டிலேயே ஸ்டியரிங் பூட்டியவை 5, கூடுதல் மின்வழங்கியோடு 8 தரும். விளையாட்டு கணக்கிட்ட முறுக்கு இந்த எல்லையைத் தாண்டினால் மோட்டார் உச்சத்திலேயே நின்றுவிடும். அந்த நேரத்தில் ஓரக்கல்லில் ஏறினாலும் தெரியாது, ஸ்டியரிங் லேசாவதும் தாமதமாகத்தான் தெரியும். இங்கே ஐந்து ரோட்டுப் பக்கம் உள்ள விளையாட்டுக் கடையில் பையன்கள் முறுக்கின் அளவை 100க்கு ஏற்றிவைத்து ‘கெட்டியா இருக்கு’ என்று மகிழ்வதைப் பார்க்கிறேன். உண்மையில் அளவைக் குறைத்தால்தான் சாலை தெரியும். அமைப்புப் பக்கத்தில் நல்ல தமிழில் ஒரு வரி எச்சரிக்கை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

‘முட்டல்’ என்று முதலில் யோசித்தேன். ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் கடைசியில் நிற்பதைத்தான் ஓட்டுநர்கள் ‘முட்டிருச்சு’ என்பார்கள். அந்தச் சொல் அதற்கே வேண்டும். ஆகவே கிளிப்பிங்குக்கு ‘உச்சவெட்டு’. ஒலிப்பதிவுத் துறையிலும் இதே சிக்கல் உண்டு, அலையின் தலை வெட்டுப்படும். குழுவில் ஒலிப்பதிவு செய்யும் நண்பர்கள் ஏற்கெனவே வேறு தமிழ்ச் சொல் பழகிவந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
சேலத்திலிருந்து