சிறுவர்களுக்கென எடுத்த மாணவர் ஆவணப்படம்: எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது?

விஸ்காம் வாத்தியார் எழுதியது:

எங்கள் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறையில் இறுதியாண்டு மாணவர்கள் ஐவர், சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பற்றி 18 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கான படம் என்று திட்ட முன்வரைவிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். வழிகாட்டி நான்தான். இன்னும் மூன்று வாரத்தில் புறத்தேர்வாளர் வருகிறார். அதற்குள் உள்மதிப்பெண்ணைப் போட்டாக வேண்டும்.

துறையின் மதிப்பீட்டுப் படிவத்தில் ஆய்வுக்கு 20, எழுத்துக்கு 20, ஒளிப்பதிவுக்கு 20, ஒலிக்கு 15, படத்தொகுப்புக்கு 15, வாய்மொழித் தேர்வுக்கு 10 என்று இருக்கிறது. படம் யாருக்காக என்ற கேள்வி அந்தப் படிவத்தில் எங்குமே வரவில்லை. அதன்படி போனால் இந்தப் படத்துக்கு 85க்குக் குறையாமல் போட்டுவிடலாம். விடியற்காலை ஒளியில் எடுத்த காட்சிகளும், ட்ரோன் காட்சிகளும், வேளச்சேரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் பேட்டியும் எனக்கே பெருமையாக இருந்தன.

ஆனால் சென்ற வாரம் ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 43 பேருக்குத் திரையிட்டபோது, ஐந்தாம் நிமிடத்திலேயே பின்வரிசை பேச ஆரம்பித்துவிட்டது. ஏழாம் நிமிடத்தில் பாதி வகுப்பு படத்தைப் பார்க்கவில்லை. இரண்டே இடங்களில்தான் அறை அடங்கியது. ஒன்று, இலைக்கோழி ஒன்று மிதக்கும் இலைகளின் மேல் நடந்துபோகும் காட்சி. இன்னொன்று, மாணவர்கள் கையால் வரைந்த வரைபடத்தில், சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தில் கடலில் சேரும் வழியை நீலச் சாக்குக்கட்டியால் இழுத்துக் காட்டும் இடம். படம் முடிந்ததும் ஒரு பெண்குழந்தை எழுந்து, "மிக்ஜாம் புயல் அப்போ எங்க வீட்டுக்குள்ள வந்த தண்ணி இந்த வழியாத்தான் போயிருக்கணுமா?" என்று கேட்டாள். இன்னொரு பையன், "குப்பைமேட்டுல அவ்ளோ நாய் இருக்கே, அதெல்லாம் அந்தப் பறவைங்கள சாப்பிடாதா?" என்றான். இரண்டாவது கேள்விக்குப் படத்திலும் பதிலில்லை, படமெடுத்தவர்களிடமும் பதிலில்லை.

என் ஐயம் இதுதான். பிள்ளைகள் கவனித்ததையும் கவனிக்காததையும் மதிப்பெண்ணில் சேர்க்கலாமா? சேர்ப்பதென்றால் எந்தத் தலைப்பின் கீழ்? படத்தின் இணைப்பைக் கீழே தந்திருக்கிறேன். நேரமுள்ளவர்கள் பார்த்துவிட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.

படத்தொகுப்பு மேசை எழுதியது:

படத்தை இரண்டு முறை பார்த்தேன். பார்வையாளருக்கென்று தனித் தலைப்பு தேடுவதை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. எழுத்துக்கு 20 என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எழுதிய எழுத்துக்குத்தான் 20. வேறு யாருக்கோ எழுதிவிட்டு அதற்கு 17 வாங்கிக்கொள்ள முடியாது.

குரல்பதிவை ஓடவிட்டு எண்ணிப் பார்த்தேன். ஏறத்தாழ 1,900 சொற்கள் இருக்கின்றன. அதாவது நிமிடத்துக்கு நூறுக்கும் மேல், மூச்சுவிட இடமில்லாமல். ஆங்கிலத்தில் இது நிதானமான வேகமாகத் தோன்றலாம். தமிழிலோ 'அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது' என்பதும் ஒரே சொல்தான். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கான படங்களுக்கு வேலை செய்யும்போது எண்பதைத் தாண்ட விடுவதில்லை. நான்காம் நிமிடத்தைப் பாருங்கள். நீலத் தாழைக்கோழி ஒன்று கோரைத் தண்டைப் பிடுங்கி, மனிதர் கரும்பைப் பிடிப்பதுபோல ஒரு காலால் பிடித்துக்கொண்டு கடித்துத் தின்கிறது. அதற்கு மேலே குரல், "பல்லுயிர்ப் பெருக்கத்தின் உறைவிடமாகத் திகழும் இச்சதுப்புநிலம் 2022ஆம் ஆண்டு ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது" என்று போகிறது (ராம்சர் தலம் என்றால் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்). கண்ணும் காதும் இரண்டு பக்கமாக இழுக்கும்போது, பிள்ளை இரண்டையும் விட்டுவிட்டுப் பக்கத்திலிருப்பவனோடு பேசப் போய்விடும். பின்வரிசையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இலைக்கோழிக் காட்சி ஏன் எடுபட்டது என்பதற்கும் காரணம் அங்கேயே இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு நொடியில் குரலே கிடையாது; தண்ணீர்ச் சத்தமும் பூச்சிச் சத்தமும்தான். பிள்ளைகள் அந்த நீண்ட விரல்களைத் தாங்களாகவே பார்த்து, இலை ஏன் மூழ்கவில்லை என்று தாங்களாகவே யோசிக்க அவகாசம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தைத் தெரிந்து வெட்டினார்களா, குரலுக்கு வசனம் தீர்ந்துபோனதால் அப்படி அமைந்ததா என்று வாய்மொழித் தேர்வில் கேளுங்கள். பதிலைப் பொறுத்துத்தான் படத்தொகுப்பு மதிப்பெண்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெட்போனில் கேட்டு மிக்ஸிங் செய்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. வகுப்பறையில் ஒற்றை ஸ்பீக்கரும், தலைக்கு மேலே நான்கு மின்விசிறிகளும் இருக்கும். அங்கே, படத்தின் பின்னணியில் வரும் வயலின் இசை குரல்பதிவை விழுங்கிவிடும்.

ஏழாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் வகுப்பறையின் சத்தத்தை வைத்துப் படத்தை எடைபோடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. திரையிட்டது எத்தனை மணிக்கு என்று வாத்தியார் ஐயா சொல்லவில்லை. சத்துணவு முடிந்த முதல் பிரிவேளையில், திரைச்சீலை இல்லாத அறையில், சுவரில் வெளிறிப்போன படத்தைப் பார்க்கச் சொன்னால் உலகத்தின் மிகச் சிறந்த படத்துக்கும் அதே கதிதான். அதைப்போலவே, பிள்ளைகள் கைதட்டினால் படம் நன்றாக இருக்கிறது என்றும் ஆகிவிடாது. பாடம் நடக்காத எந்தப் பொழுதுக்கும் என் வகுப்பு கைதட்டும்.

நான் வேறொன்று செய்வேன். படம் பார்த்து மூன்று நாள் கழித்து, யாரும் எதிர்பாராத நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நினைவிலிருப்பதை வரையவோ எழுதவோ சொல்வேன். 'படம் பிடித்திருந்ததா' என்று மட்டும் கேட்கக் கூடாது. வந்தவர்களின் மனம் நோகக்கூடாதென்று எல்லாரும் ஆமாம் என்றுதான் எழுதுவார்கள். நீரோடும் வழியைச் சுமாராகவாவது எத்தனை பேர் வரைகிறார்கள் என்று எண்ணுங்கள். உங்களுக்கு அதைவிட நம்பகமான சான்று கிடைக்காது.

அளவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சதுப்புநிலத்தின் பரப்பு '1,248 ஹெக்டேர்' என்றால், ஹெக்டேரைக் கணக்குப் பாடத்தில் படித்த பிள்ளைக்கும் அது வெறும் எண்தான். ஒரு கால்பந்து மைதானம் முக்கால் ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 1,700 மைதானங்களுக்கு மேல் என்று சொன்னால் வாயைப் பிளப்பார்கள். என் வகுப்பில் யாராவது ஒருவன் உடனே, "டீச்சர், சுத்தி வர எவ்ளோ நேரமாகும்?" என்று கேட்பான். அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டியது.

படத்தில் என்னை உறுத்திய இடம் பதினோராம் நிமிடம். சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடி குப்பைக்கிடங்கில் பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பையன் பிளாஸ்டிக் பொறுக்குவதை, முகம் தெரிய, மெதுவான அசைவில், அந்த வயலினோடு காட்டுகிறார்கள். பெரியவர்கள் பார்த்தால் 'உச்' கொட்டுவார்கள். ஆனால் இதைப் பார்க்கப்போகிறவர்கள் அவன் வயதுப் பிள்ளைகள். அவன் தெருவைச் சேர்ந்த பிள்ளை அந்த அறையில் இருந்தால் என்ன ஆகும்? இதுபோன்ற ஒரு குறும்படத்தை முன்பொரு முறை என் வகுப்பில் போட்டபோது, மூன்றாம் பெஞ்சிலிருந்த ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு, படம் முடியும்வரை நிமிரவே இல்லை. அவனுடைய அப்பாவுக்கு என்ன வேலை என்று எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க அவனோடு பேசவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

சட்டமும் இருக்கிறது. தொழிலாளர் சட்டங்களுக்குப் புறம்பாக வேலை செய்யும் பிள்ளையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வகைப்படுத்துகிறது. அத்தகைய குழந்தைகளின் அடையாளம் ஊடகங்களில் வெளியாவதை அதன் 74ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பெற்றோரிடம் எழுத்துமூல ஒப்புதல் வாங்கினார்களா என்று முதலில் கேளுங்கள். வாங்கியிருந்தாலும் அந்த முகம் படத்துக்குத் தேவையா என்பது தனிக் கேள்வி.

விஸ்காம் வாத்தியார் எழுதியது:

அம்மா, பிற்பகல் இரண்டே கால் மணி, திரைச்சீலையும் கிடையாது. இதை நான் எழுதாமல் விட்டது என் தவறு. ஒப்புதல் வாங்கவில்லை என்று மாணவர்கள் இன்று சொன்னார்கள். நானும் கேட்டிருக்கவில்லை.

பறவை நோக்கி எழுதியது:

எழுத்தையும் ஒலியையும் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஆய்வுக்கான 20 மதிப்பெண்ணுக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் இந்தப் படம் சறுக்கியிருக்கிறது.

ஒன்பதாம் நிமிடத்தில் பூநாரைக் கூட்டம் வருகிறது. அது பள்ளிக்கரணையேதான்; பின்னால் கட்டடங்கள் தெரிகின்றன. அடுத்த காட்சியில் சேற்றுமேட்டுக் கூடுகளும், சாம்பல் நிறக் குஞ்சுகளும். இது பள்ளிக்கரணை இல்லை. பூநாரைகள் இங்கே இரை தேடி வருகின்றனவே தவிர, இங்கே கூடு கட்டுவதில்லை. இந்தியாவில் அவை பெருங்கூட்டமாக இனப்பெருக்கம் செய்யும் இடம் குஜராத்தின் கட்ச் பாலைச் சதுப்பு. இணையத்திலிருந்து எடுத்த துண்டை, எங்கே எடுத்தது என்று ஒரு வரிகூடப் போடாமல் ஒட்டியிருக்கிறார்கள். குரலில் பொய் ஒன்றும் இல்லைதான். ஆனால் இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தாலே, 'இங்கேதான் குஞ்சு பொரிக்கின்றன' என்று பிள்ளை புரிந்துகொள்ளும், அடுத்த வருடம் கூட்டைத் தேடி வந்து நிற்கும்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். லெம்மிங் என்ற எலி இனம் கூட்டங்கூட்டமாகக் கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்ற நம்பிக்கையைப் பரப்பியதில் பெரும்பங்கு 1958இல் வெளியான டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னஸ்' படத்துக்கு உண்டு. அந்தக் காட்சி எடுக்கப்பட்டது கனடாவில் கடலே இல்லாத அல்பெர்ட்டா மாகாணத்தில். விலைக்கு வாங்கிக் கொண்டுவந்த லெம்மிங்குகளை ஆற்றில் தள்ளித்தான் எடுத்தார்கள். அந்தப் படத்துக்கு ஆஸ்கரும் கிடைத்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து அதைப் பார்த்த பிள்ளைகள், வளர்ந்து பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் மாணவர்களிடம் அந்த வஞ்சகம் இல்லை, அவசரம்தான். ஆனாலும் சிறு வயதில் கண்ணால் பார்த்ததை மாற்றுவது கடினம் என்பதால், பெரியவர்களுக்கான படத்தில் இரண்டு மதிப்பெண் குறைக்கும் பிழைக்குச் சிறுவர் படத்தில் ஐந்து குறைக்கலாம் என்பேன்.

ட்ரோன் காட்சியையும் மறுபடி பாருங்கள். புள்ளிமூக்கு வாத்துகள் மொத்தமாக எழும்பிப் பறக்கும் அந்த அழகான காட்சியில், அவை எழும்பக் காரணமே ட்ரோன்தான். நிழல் நெருங்க நெருங்க ஒவ்வொரு வரிசையாகக் கிளம்புவது தெளிவாகத் தெரிகிறது. வனத்துறையின் அனுமதி இருந்ததா என்றும் கேட்க வேண்டும். பறவையைத் துரத்தி எடுத்த காட்சியை வைத்துக்கொண்டு பறவையைக் காப்போம் என்று பிள்ளைகளிடம் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

நீர்வழி வரைபடத்துக்கு மட்டும் முழு மதிப்பெண் போடுங்கள். பெரியவர்களுக்கே பலருக்குத் தெரியாத வழி அது. ஒரு சாக்குக்கட்டியால் சரியாகச் சொல்லிவிட்டார்கள். நாய்களைப் பற்றிக் கேட்ட பையனுக்குப் பதில்: ஆமாம், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைக்கும் குஞ்சுக்கும் தெருநாய்களால் ஆபத்து உண்டு. குப்பையில் கிடைக்கும் உணவுதான் நாய்களை அங்கே பெருக வைக்கிறது. குப்பைக்கும் பறவைக்கும் உள்ள தொடர்பை அந்த ஒரு கேள்வியில் கேட்டுவிட்டான். படத்தின் பதினோராம் நிமிடம் வயலினை விட்டுவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம்.

விஸ்காம் வாத்தியார் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று ஐந்து மாணவர்களோடும் உட்கார்ந்து எல்லாப் பதில்களையும் வாசித்தோம். ட்ரோனைப் பற்றிய பத்தியில்தான் அதிக நேரம் நின்றோம். ஒளிப்பதிவு செய்த மாணவி அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, தானே நீக்கிவிடுவதாகச் சொன்னாள். அதற்கு வனத்துறையின் அனுமதியும் வாங்கியிருக்கவில்லை. அது அவளுடைய படத்திலேயே சிறந்த காட்சி. எனக்கும் மனம் கேட்கவில்லைதான்.

படிவத்தை நான் மாற்ற முடியாது. துறைக் கூட்டத்தில் வைக்க வேண்டும், அது ஜூனுக்கு முன் நடக்காது. ஆகவே தலைப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஏழாம் வகுப்புப் பிள்ளையை முன்னிறுத்திப் போடுகிறேன். இப்போதைய வடிவத்துக்கு ஆய்வில் 12, எழுத்தில் 11. இதைப் பென்சிலால் எழுதி அவர்களிடமே காட்டிவிட்டேன். பிள்ளைகளின் கூச்சலுக்காக ஒரு மதிப்பெண்ணும் குறைக்கவில்லை. ஆனால் அந்தத் திரையிடலில் கண்டதை வைத்து அடுத்த வடிவத்தில் என்ன மாற்றினார்கள், எதை மாற்ற மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்பதை இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வின் பத்து மதிப்பெண்ணும் அந்த இரண்டு பக்கத்தின் மேல்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாணவர்கள் என்னோடு உடன்படவில்லை. பையனின் முகத்தை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அவனை முழுக்க நீக்கினால் குப்பைக்கிடங்கில் மனிதரே இல்லாததுபோல் ஆகிவிடும் என்கிறார்கள். அவன் கைகளையும் அவன் பிரித்தெடுக்கும் பொருள்களையும் மட்டும், இசையில்லாமல், வீட்டாரின் ஒப்புதலோடு காட்டலாம் என்பது அவர்கள் வாதம். டீச்சர் அம்மாவின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

படம் இப்போது 14 நிமிடத்துக்கு வந்திருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை அதே பள்ளியில், காலை இரண்டாம் பிரிவேளையில், இன்னொரு ஏழாம் வகுப்புப் பிரிவுக்குப் போடுகிறோம். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி மாணவர்களே கொண்டு வருகிறார்கள். வெள்ளைத் தாளைத் திங்கட்கிழமை கொடுக்கிறோம்.

ஏழாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

கைகள் மட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் காட்சியை முதலில் அந்தப் பையனுக்கே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தாள் கொடுக்கும்போது கலர் பென்சிலும் கொடுங்கள். நீலம் நிறைய வேண்டியிருக்கும்.